அந்த வியாழக்கிழமைக்கு ஐயாயிரம் குஞ்சு

“…அதுக்குள்ள அவரே வந்துருவாருங்களே தம்பி, அப்பறம் அந்த முட்டையெ யாருங்க திங்கறது?” என்றார் அக்கா.

செல்போனை அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்தார். குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் பேசி, ஆடி மாதம் இறக்க வேண்டிய ஐயாயிரம் கோழிக்குஞ்சுகளை வேண்டாம் என்று சொல்லி முடித்த கையோடு, முட்டை ஏற்ற வந்த என்னிடம் காரணத்தையும் சொல்லிவிட்டார். முகத்தில் கவலை என்று ஒன்றும் இல்லை. பயணத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிட்ட ஆளின் நிம்மதிதான் இருந்தது.

நான் முட்டை வண்டிக்காரன். ஜேடர்பாளையம் போகிற சாலையை ஒட்டி இருக்கும் பண்ணைகளுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் போய், அட்டை அட்டையாக முட்டை ஏற்றிக்கொண்டு நாமக்கல் வருவேன். அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் ஜெபவீட்டில் என்னைவிட மூத்த பெண்கள் எல்லாருமே எனக்கு அக்காதான். ஆனால் அடைமொழி ஒன்றும் இல்லாமல் ‘அக்கா’ என்றால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அது இவர்தான். மூன்று வருஷத்துக்கு முன் கணவர் போன பிறகு பண்ணையைத் தனியாக நடத்தி வருகிறவர்.

கோழித் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குஞ்சு இறக்கினால் அது முட்டைக்கு வர நாலரை மாதம் ஆகும். பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இடும். பழைய கோழி கழிந்து போகிற நேரத்துக்குப் புதுக் கோழி தயாராக நிற்க வேண்டும் என்பதால், மாதக்கணக்கில் முன்கூட்டியே குஞ்சுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அக்கா போட்ட கணக்கு இதுதான்: ஆடியில் இறக்கினால் முதல் முட்டை கார்த்திகைக் கடைசியில். ஆண்டவர் வருவதோ புரட்டாசியில். அப்புறம் எதற்குக் குஞ்சு?

கர்த்தரின் வருகையைக் கோழி பேட்ச் வைத்துக் கணக்குப் போட எங்கள் ஊர்க்காரர்களை விட்டால் உலகத்தில் ஆள் கிடையாது.

சிரித்திருக்கலாம். சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தப் புரட்டாசித் தேதியை ஊருக்குள் கொண்டு வந்தவன் நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேதத்தை நான் கற்றதெல்லாம் வண்டியில்தான். பண்ணையாட்கள் அட்டைகளை எண்ணி ஏற்றி முடிக்கும்வரை ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்துப் படிப்பேன். சேலத்திலிருந்து போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் சபைக்கு வாசிக்கிற வேலை என்னுடையது. இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது நன்றாக ஒன்றைச் சொன்னால் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவரிடம் பரலோகம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, “டோல்கேட் இல்லாத ரோடுங்க, வேற என்ன வேணும்?” என்றார். அதை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினேன்.

இப்படிப் பேச்சுக்கு மயங்குகிறவன், சேலத்தில் ஒரு கூட்டத்தில் அந்தப் படக்காரரைக் கேட்டால் என்ன ஆவான்? பத்தடி நீளத்துக்கு ஃபிளக்ஸ் அடித்து வைத்திருந்தார். இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் பொன் நகரம், நடுவில் அம்புக்குறிகள், அத்திமரம், ஏழு தலை மிருகம். ஒவ்வொன்றின் கீழும் கூட்டல், பெருக்கல். வலப்பக்கம் போகப் போகக் கணக்கு நெருங்கி வந்து, கடைசியில் சிவப்பு எழுத்தில் நின்றது: இந்த வருஷம், யூதர்களின் எக்காளப் பண்டிகை, வியாழக்கிழமை. எனக்குக் கணக்கென்றால் உயிர். அவர் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு வந்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் பன்னிரண்டு குடும்பமும் விசிறிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். படக்காரர் கெட்டவர் அல்ல. தான் சொல்வதை முழுக்க நம்பிச் சொன்னார். வானத்தில் எக்காளம் முழங்கும், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் அன்று முதலில் எழுந்திருப்பார்கள் என்று சொன்னபோது அவர் குரலே தழுதழுத்தது. அக்கா முன்வரிசையில் இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அன்னைக்கே பாத்துருவமுங்களாய்யா?”

“அன்றைக்கே பார்ப்பீர்கள் அம்மா.”

அவ்வளவுதான். அக்காவுக்கு அத்திமரமும் வேண்டாம், மிருகமும் வேண்டாம். அந்த ஒரு பதிலை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

குஞ்சு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்ட செய்தி பண்ணையில் எல்லாருக்கும் முன்னால் எட்டியது வேலைக்காரக் குடும்பத்துக்குத்தான். புருஷன், பெண்சாதி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். பண்ணை ஓரத்து ஓட்டு வீட்டில் ஏழெட்டு வருஷமாக இருக்கிறார்கள். எங்கள் சபை இல்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அந்தப் பெண் வாய்த்துடுக்குக்காரி. முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏனுங்ணா, உங்க சாமி வாராருங்களாமா?”

“வாராரும்மா.”

“புரட்டாசியிலீங்களா?”

நான் அட்டையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

“கோழி இல்லீன்னா எங்களுக்கு இங்க என்னுங்க வேலை? எங்கூட்டுக்காரரு பள்ளிபாளையத்துல தறி ஓட்டப் போலாங்கறாரு. புள்ளைங்க ரெண்டும் இப்பத்தான் இந்தப் பள்ளிக்கோடத்துல ஒட்டிக்கிட்டு நல்லாப் படிக்குதுங்க.” அட்டையை வண்டியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “உங்க சாமி வாரது சந்தோசந்தானுங்ணா. ஆனா அவரு வாராருன்னா எதுக்குங்க நாங்க போகோணும்?”

இதையும் டிரிப் ஷீட்டின் பின்னால் எழுதினேன். யாரிடமும் எடுத்துச் சொல்கிற தைரியம்தான் வரவில்லை. அன்று நாமக்கல் வரும்வரை அந்தக் கேள்வி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

அந்த வாரம் முழுக்கப் படித்தேன். முட்டை ஏற்றுகிற இடம், டீக்கடை, பெட்ரோல் பங்க், எங்கே வண்டி நின்றாலும் புத்தகம் திறந்தது. முன்னே படித்த இடங்கள்தான். ஆனால் முன்பு நான் தேதியைத் தேடிக்கொண்டு படித்தேன். இப்போது, தேதி இல்லாவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

மலைமேல் உட்கார்ந்திருக்கும் ஆண்டவரிடம் சீஷர்கள் கேட்கிறார்கள்: எப்போது? நான் அன்று படக்காரரிடம் கேட்ட அதே கேள்வி. ஆண்டவர் அடையாளங்களைச் சொல்கிறார், எச்சரிக்கை சொல்கிறார். ஆனால் அந்த நாளைப் பற்றி வரும்போது, ஒருவருக்கும் தெரியாது என்கிறார். தேவதூதர்களுக்கும் தெரியாதாம். மகனுக்கும் தெரியாதாம். பிதா ஒருவருக்குத்தான் தெரியும். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மகனிடமே சொல்லாததை ஃபிளக்ஸ் அடிக்கிற கடையில் சொல்லியிருப்பாரா?

உயிர்த்தெழுந்த பிறகும் விடாமல் கேட்கிறார்கள்: ஆண்டவரே, இப்போதா? காலநேரம் உங்கள் வேலை இல்லை, நீங்கள் போய் சாட்சி சொல்லுங்கள் என்கிற பொருளில் பதில் வருகிறது. தெசலோனிக்கேயாவில் கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்று யாரோ கிளப்பிவிட்டுச் சபையே கலங்கிக் கிடந்திருக்கிறது. வேலை செய்யாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவர்களும் அந்தச் சபையில் இருந்திருக்கிறார்கள். பவுல் அவர்களுக்கு எழுதியதைப் படித்தபோது எனக்கு யாரோ காதைப் பிடித்துத் திருகியது போல இருந்தது. அமைதியாக உங்கள் வேலையைச் செய்து உங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள் என்கிறார். எஜமான் எந்த நேரத்தில் வருவான் என்று தெரியாத வேலைக்காரன் கதையும் அப்படித்தான். வந்து பார்க்கும்போது கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தவனைத்தான் பாக்கியவான் என்கிறார். நாளைச் சரியாகக் கண்டுபிடித்தவனுக்குப் பரிசு என்று எங்கேயும் இல்லை.

படக்காரருக்குப் போன் போட்டேன்.

“ஐயா, ஒருத்தருக்கும் தெரியாதுன்னு போட்டிருக்குதுங்களே?”

“தம்பி, நல்லாப் படியுங்க. நாளும் நாழிகையும் தெரியாதுன்னுதான் இருக்கு. மாசமும் வருசமும் தெரியாதுன்னு இருக்கா?”

“உங்க ஃபிளக்ஸ்ல வியாழக்கிழமைன்னு போட்டிருக்குதுங்களே. அது நாளுதானுங்களே?”

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நீங்க முட்டை வண்டிதானே ஓட்டறீங்க?”

“ஆமாங்க.”

“ஓட்டுங்க.” வைத்துவிட்டார்.

முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு வண்டியை எடுக்கும்போது சிரிப்பு வந்தது. வேதம் முழுக்கப் புரட்டி நான் கண்டுபிடித்ததும் அதே ஒற்றைச் சொல்தானே. ஓட்டு.

ஆனால் படித்து முடித்துவிட்டால் ஆயிற்றா? அக்காவிடம் யார் சொல்வது? மறுநாள் போனேன். பண்ணையின் பின்பக்கம் தீவனம் அரைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாக்கைப் பிடிக்க, அந்தப் பெண் மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். இருக்கிற கோழிகளுக்குத் தீவனம் நிற்கக் கூடாது இல்லையா? ஆண்டவர் புரட்டாசியில் வந்தாலும் கோழிக்கு வைகாசியில் பசிக்கும்.

“அக்கா, நான் தப்புப் பண்ணிட்டனுங்க. அந்தத் தேதியெ நான் கூட்டியாந்திருக்கக் கூடாது.”

மிசின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதைக் கத்திச் சொன்னால் சண்டை போடுவதுபோலத்தான் இருக்கும். அக்கா திரும்பிப் பார்த்தார்.

“தப்புன்னு இப்ப எப்படித் தம்பி சொல்றது? புரட்டாசி இன்னும் வருலீங்களே.”

“தேதியே குடுக்கலீங்கக்கா அவரு. யாருக்குமே குடுக்கல.”

“அப்ப நான் எதையெப் புடிச்சுக்கிட்டு இருக்கறதுங்க?” அக்கா சாக்கை இறுக்கிப் பிடித்தபடி கேட்டார். “மூணு வருசமா காத்தால எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். இப்ப ஒரு நாளு இருக்குது. அதெ எண்ணிக்கிட்டு எந்திரிக்கறேன். அதையும் புடுங்கிட்டுப் போயிருவீங்களா?”

எத்தனையோ பேர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு பதிலும் அதில் இல்லை. கையில் வைத்திருந்த வேதத்தை அப்படியே அவரிடம் நீட்டினேன். முட்டை அட்டையில் கிழித்த துண்டை அடையாளத்துக்கு வைத்திருந்தேன். “நான் சொல்றது வேண்டாமுங்க. நீங்களே படிங்க.”

சாக்கை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சோளத் தூசிக்கு நடுவே நின்றபடியே படித்தார். சத்தம் போட்டுப் படிப்பதுதான் அவர் வழக்கம். யாருக்கும் தெரியாது என்கிற இடம் வந்தது, தாண்டினார். நோவா காலத்து மக்கள் வந்தார்கள், தாண்டினார். வயலில் இரண்டு பேர். அதற்கு அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

“என்னுங்கக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“நம்மளெப் போட்டிருக்குது புள்ள.”

“நம்மளெயா? உங்க புஸ்தகத்துலயா?”

“ரெண்டு பொம்பளைங்க அரைச்சுக்கிட்டு இருக்காங்களாம். ஒருத்தியெக் கூட்டிக்குவாராம். ஒருத்தியெ உட்டுருவாராம்.”

அந்தப் பெண் ஒரு கூடைச் சோளத்தைக் கொட்டியபடியே சொன்னாள்: “அப்ப நாந்தானுங்க நிக்கறவ. மீதிச் சோளத்தெ யாரு அரைக்கறது?”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு வருஷம் எதிரெதிரே நின்று அரைத்தவர்கள். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி மிசினைப் பார்த்தார்.

“மிசினெ நிறுத்திப் போட்டு உக்காந்திருந்தாங்கன்னு போடுலீங்களே தம்பி.”

“இல்லீங்க.”

“அரைச்சுக்கிட்டு இருக்கறப்பத்தான் வாராரு.”

“ஆமாங்க.”

“கூட்டிட்டுப் போறவளும் அரைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கறா.”

இத்தனை முறை படித்தும் எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அரைத்ததற்காக அவளை யாரும் குறை சொல்லவில்லை. கையில் வேலை இருக்கும்போதே, அந்தக் கையோடேயே, ஆண்டவர் அவளைச் சேர்த்துக்கொள்கிறார். வண்டியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் படித்தவனுக்குத் தெரியாதது, மிசின் பக்கத்தில் நின்று படித்தவருக்கு ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் விடவில்லை. “ஏனுங்ணா, ஆனா ஏன் இத்தனை நாளா வராம இருக்கறாரு? இத்தனை பேரு கூப்புடறீங்க?”

பேதுரு எழுதியதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் தாமதம் பண்ணவில்லை, பொறுமையாக இருக்கிறார். ஒருத்தர்கூடக் கெட்டுப் போகக் கூடாது, எல்லாரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப எங்களுக்காவத்தான் லேட்டுங்களா? பரவால்லீங்கக்கா, உங்க சாமி நல்ல சாமிதான்.”

அக்கா வேதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். சாக்கைத் திரும்ப வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் கிளம்பினேன்.

அதற்கப்புறம் வைகாசி போனது, ஆனி போனது. குஞ்சு வளர்க்கிற கொட்டகையை செட் என்போம், அது வெள்ளையடித்தபடி காலியாகவே கிடந்தது. ஆடியில் அந்தப் பெண்ணின் புருஷன் பள்ளிபாளையம் போய் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தான். முன்பணம் மட்டும் கொடுக்கவில்லை என்றாள் அவள். “அக்கா போன்னு சொல்லுல, இருன்னும் சொல்லுலீங்ணா.” நான் ஒன்றுவிட்டு ஒருநாள் போய், காலி செட்டைப் பார்த்துவிட்டு, முட்டையோடு கொஞ்சம் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆவணியில் படக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை நான் கூப்பிடவில்லை. சபையில் சில பேர் கூப்பிட்டார்கள். நாள் நெருங்குகிறது, ஆயத்தக் கூட்டம் வேண்டும் என்றார்கள். என் மனதில் இருந்ததை எழுந்து சொல்ல நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது, கால் எழவில்லை. கூப்பிட்டு வந்தவனே வேண்டாம் என்றால் என்ன சொல்வார்கள் என்கிற வெட்கம்.

கூட்டத்தின் கடைசியில் படக்காரர் கையை உயர்த்தினார். அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய திங்கள் முதல் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு உபவாசத்தில் காத்திருப்பதாக நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்.

முதலில் எழுந்தவர் அக்கா.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கள் அம்மா.”

“அந்த வியாழக்கிழமை உங்களுக்கு என்னுங்க வேலை?”

அவர் கொஞ்சம் தடுமாறினார். “வேலையா? காத்திருப்பதுதான் வேலை.”

“எனக்கு அன்னைக்குக் குஞ்சு இறங்குதுங்க.”

யாரோ விசிறிக்கொண்டிருந்த அட்டை நின்றுபோனது.

“ஐயாயிரம் குஞ்சுங்க. வேண்டாம்னு சொல்லியிருந்தேன். போன வாரம் போன் பண்ணி வேணும்னேன். உங்க இடத்தெ வேற பண்ணைக்குக் குடுத்துட்டம்மா, புரட்டாசியில ரெண்டு நாளுதான் காலியிருக்குதுன்னாங்க. ஒண்ணு அந்த வியாழக்கிழமை, ஒண்ணு அடுத்த வாரம். அந்த வியாழக்கிழமையே குடுங்கன்னுட்டேன்.”

“அம்மா, அன்றைக்கு ஆண்டவர் வந்துவிட்டால்?”

“வரட்டுமுங்க!” அக்கா சிரித்தார். மூன்று வருஷத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. “அதுக்குத்தானுங்க ஏங்கிக்கிட்டு இருக்கறேன். அவரு வந்தா எங்கூட்டுக்காரரும் கூடவே வருவாரு. என்னெ எங்கீன்னு தேட வேண்டியதே இல்லீங்க. காத்தால நேரத்துல நான் செட்டுலதான் இருப்பேன்னு அவருக்குத் தெரியும்.”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “அன்னைக்கு வருலீன்னா அக்கா?”

“வருலீன்னா குஞ்சு வளரும், மாசியில முட்டைக்கு வரும். அவரு வார அன்னைக்கு வரட்டும். நான் அப்பவும் செட்டுலதான் இருப்பேன்.”

யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை. கை தட்டல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதி மழை பிடித்துக்கொண்டது மாதிரி இறங்கியது. ‘அல்லேலூயா’ என்று ஒருவர் கத்த, சபையே எழுந்துவிட்டது. என் காலும் எழுந்தது. அக்கா பக்கத்தில் போய் நின்று, தேதியைக் கூட்டி வந்தது என் பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கத்தாமல் சொன்னேன். அவர் வருவார் என்பதில் ஒரு இம்மிகூட மாற்றம் இல்லை, எப்போது என்று மட்டும் நமக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதால்தான் எல்லா நாளும் அவருடைய நாளாக இருக்கிறது என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

படக்காரர் ஃபிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு என் வண்டியில்தான் பஸ் நிலையம் வந்தார். இறங்கும்போது வானத்தைக் காட்டி, “எனக்கும் ஒருத்தி அங்க இருக்கா தம்பி. என் மகள்” என்றார். நான் கோபத்தையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். கணக்குப் போட்டவரும் அக்காவைப் போலத்தான் நாளை எண்ணிக்கொண்டு எழுந்திருக்கிறார்.

அந்த வியாழக்கிழமை விடிந்தது. குஞ்சு வண்டி வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். எனக்கு அன்று முட்டை ஏற்றும் முறை இல்லை. சும்மாதான் போனேன். அங்கே பார்த்தால் சபையில் பாதிக்கு மேல் வந்திருந்தது. எல்லாருமே ‘சும்மா’தான் வந்திருந்தார்கள். உதவிக்கு வந்தோம் என்றார்கள். வாசலுக்கும் செட்டுக்கும் நடுவே நடக்கிற சாக்கில் ஆளுக்கொருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். பொய் சொல்வானேன்?

அந்தப் பெண்ணுக்குக் கொண்டாட்டம். பள்ளிபாளையத்து வாடகை வீட்டை வேறு யாரோ பிடித்துக்கொண்டார்களாம். “மேலயே பாத்துக்கிட்டு நடந்து பொட்டி மேல உழுந்துராதீங்கோ! அவரு வந்தா நான் சொல்றனுங்க!”

குஞ்சுப் பெட்டிகள் இறங்கின. நூறு நூறாக, கிய்யா கிய்யா என்று ஒரே இரைச்சல். செட்டுக்குள் உமி பரப்பி, மேலே காகிதம் விரித்து, அடுப்புச் சூடு இதமாக ஏறியிருந்தது. முதல் பெட்டியை அக்கா திறக்கிற அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர்ஹாரனை அழுத்தினான் பாருங்கள், நீளமாக, மூன்று முறை. அத்தனை பேரும் அப்படியே சிலையாக நின்றோம். ஒருவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெடித்த சிரிப்பில் குஞ்சுகள்கூட ஒரு நொடி கத்துவதை நிறுத்தின.

வேலை ஆரம்பித்தது. புதிதாக வந்த குஞ்சுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கை ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டி விட வேண்டும். ஒன்றைக் காட்டினால் பக்கத்தில் இருப்பது பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். அக்கா அதெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லாக் குஞ்சுக்கும் காட்ட வேண்டும்.

வெயில் ஏறிய நேரம். பெட்டிகளில் பாதிகூட முடியவில்லை. செட் வாசலில் நிழல் தட்டியது. படக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து சாப்பிடாத முகம். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்று, ஒருமுறை மேலே பார்த்தார்.

“இன்னும் பொழுது இருக்கு” என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பதைத்தது. அந்த வாய்த்துடுக்குக்காரிகூட வாயை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

“இருக்குதுங்கய்யா, நெறையப் பொழுது இருக்குது” என்றார் அக்கா. “செருப்பெ அக்கட்டயே உட்டுட்டு, கையெக் கழுவிக்கிட்டு வாங்க. முதல்ல அந்தத் தூக்குல இருக்கற கஞ்சியெக் குடிங்க.”

அவர் கழுவிக்கொண்டு வந்தார். நின்றபடியே கஞ்சியைக் குடித்தார். அக்கா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு உமிமேல் உட்கார்ந்ததும், அக்கா பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, மூக்கைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டு, அது தலையை அண்ணாந்து விழுங்குகிறவரை பொறுத்திருந்து, அவருடைய இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துவிட்டு, அடுத்த குஞ்சுக்குக் கையை நீட்டினார்.